மராக்கெஷ்: கூடாரத்தில் தொடங்கிய செந்நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொராக்கோ போய்வந்தேன் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒட்டகத்தைப் பற்றி. அதற்கடுத்து வரும் கேள்விகள்தான் சுவாரசியமானவை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓட்டல் பட்டியலும் பேரம் பேசும் சூத்திரங்களும் இதில் கிடையாது.

மராக்கெஷ் அரபு நகரம்தானே? அங்கே பெர்பர்கள் எப்போது வந்தார்கள்?

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பெர்பர்கள் அந்த மண்ணின் ஆதிக்குடிகள். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் அரபுகள். மராக்கெஷை நிறுவியவர்கள் சஹாராவில் ஒட்டகம் மேய்த்த சன்ஹாஜா என்னும் பெர்பர் குலத்தார். அவர்களை வீழ்த்தி நகரைப் பிடித்தவர்கள் அட்லஸ் மலையின் மஸ்மூதா குலத்தார்; அவர்களும் பெர்பர்களே. மதம், எழுத்து, அரசவை மொழி ஆகியவை அரபியில் அமைந்தன. சுவரை எழுப்பியதும் தண்ணீரைக் கொண்டுவந்ததும் பெர்பர் ஆட்சிகள். இன்றும் அதிகாலையில் அட்லஸ் அடிவாரத்திலிருந்து காய்கறியும் புதினாக்கட்டும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வருபவர்களில் பலர் வீட்டில் பேசுவது அரபி அல்ல.

'பெர்பர்' என்று சொல்வது மரியாதைதானா?

புரியாத மொழி பேசுபவர்களைக் கிரேக்கர்கள் 'பார்பரோய்' என்றார்கள். 'பெர்பர்' அந்த வழியில் வந்த சொல். அந்த மக்கள் தங்களை 'அமஸீக்' என்று அழைத்துக்கொள்கிறார்கள், பன்மையில் 'இமஸீகன்'. 'சுதந்திர மனிதர்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கடைத்தெருவில் கம்பளம் விற்பவர் தானே 'பெர்பர் கம்பளம்' என்று கூவுகிறார் என்றாலும், ஒருவரைக் குறிப்பிடும்போது அமஸீக் என்பதே நல்லது. நான் 'அமஸீக்' என்று சொன்னதும் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் முகம் மலர்ந்து இரண்டாவது கோப்பைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பக்கத்தில் இரண்டு சொற்களையுமே பயன்படுத்துகிறேன்.

'மராக்கெஷ்' என்றால் என்ன பொருள்?

அமஸீக் மொழியின் 'அமூர் ந் அகூஷ்' என்ற தொடரிலிருந்து வந்தது, 'இறைவனின் நிலம்' என்று பொருள் என்பதே அதிகம் சொல்லப்படும் விளக்கம். இதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பெயரின் பயணம். ஐரோப்பியர்கள் தலைநகரின் பெயரைச் சிதைத்து நாட்டுக்கே சூட்டிவிட்டார்கள். 'மொராக்கோ' என்பது மராக்கெஷின் திரிபுதான். பாரசீக மொழியில் இன்றும் அந்த நாட்டின் பெயர் மராக்கெஷ்.

நகரம் எப்படித் தொடங்கியது?

ஒரு குடும்பக் கதையாகவே தொடங்கியது.

11ஆம் நூற்றாண்டில் தெற்குப் பாலைவனத்திலிருந்து, சன்ஹாஜா குலத்தாரான முராபித்துகள் கிளம்பினார்கள். முகத்தின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடும் வழக்கமுடைய ஆண்கள் இவர்கள். அதனால் 'முகத்திரைக்காரர்கள்' என்ற பட்டப்பெயரும் உண்டு. மலைக்கு இப்பால் அக்மாத் என்ற பழைய ஊரில் தங்கினார்கள். ஊரோ சிறியது, படையோ பெரியது, நெரிசல் தாங்கவில்லை. தலைவர் அபூ பக்ர் இப்னு உமர் சுமார் 1070இல் முப்பது கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளிச் சமவெளியில் கூடாரமடித்தார். கருவூலத்துக்கும் ஆயுதங்களுக்கும் ஒரு கல்கோட்டை எழும்பியது. சுற்றிலும் கூடாரங்கள்; நகரத்தின் முதல் வடிவம் அவ்வளவுதான்.

அப்போது பாலைவனத்தில் குலச் சண்டை மூண்டதாகச் செய்தி வந்தது. புறப்படும் முன் அபூ பக்ர் தன் மனைவி ஸைனப் அந்நஃப்ஸாவியாவை மணவிலக்குச் செய்தார். செல்வமும் அறிவும் நிறைந்த பெர்பர் பெண் அவர். பாலைவன வாழ்க்கை அவருக்கு ஒத்துவராது என்பது காரணம். உறவினர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஸைனபை யூசுஃப் மணந்துகொண்டார். அபூ பக்ர் திரும்பி வந்தபோது யூசுஃபுக்கு ஆட்சியை விட மனமில்லை. மூத்தவரை எதிர்க்கவும் மனமில்லை. ஸைனப் சொன்ன யோசனையைப் பழைய வரலாற்று நூல்கள் இப்படிப் பதிவு செய்கின்றன: குதிரையிலிருந்து இறங்காமல் வரவேற்றுவிடு, அதன் பிறகு பரிசுகளைக் குவித்துவிடு. பொன்னும் குதிரைகளும் ஆடைகளும் வரிசையாக வந்தன. அபூ பக்ருக்குப் புரிந்துவிட்டது. ஒரு துளி ரத்தமும் சிந்தாமல் பாலைவனத்துக்குத் திரும்பினார். யூசுஃபின் ஆட்சி பின்னர் ஸ்பெயினுக்குள்ளும் பரவியது. 1086இல் ஸல்லாக்கா போரில் காஸ்டில் அரசரைத் தோற்கடித்தவர் இவரே.

மராக்கெஷில் பள்ளிவாசல் கட்டும்போது யூசுஃப் வேலையாட்களோடு சேர்ந்து மண் பிசைந்தாராம். அரசர்களைப் பற்றி இப்படிச் சொல்வது எல்லா ஊரிலும் வழக்கம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அது மண்ணாலான ஊர் என்பதால் இந்தக் கதையை மட்டும் தள்ள மனம் வரவில்லை.

எல்லாக் கட்டடமும் ஏன் சிவப்பாக இருக்கிறது?

அங்கே கிடைக்கும் மண் அந்த நிறம். பலகைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவே ஈரமண்ணும் சுண்ணாம்பும் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, காய்ந்ததும் பலகையை மேலே ஏற்றுவார்கள். யூசுஃபின் மகன் அலீ 1126-27இல் நகரைச் சுற்றி ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டருக்கு மதில் எழுப்பியது இந்த முறையில்தான். மதிலில் வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். துப்பாக்கி வைக்கும் துளைகள் என்று ஒரு வழிகாட்டி என் காதுபடக் கதைவிட்டுக்கொண்டிருந்தார். அவை சாரக்கட்டைகள் செருகப்பட்ட துளைகள். இன்று அவற்றில் பறவைகள் குடியிருக்கின்றன. மாலையில் மதிலோரம் நடந்தால் தலைக்கு மேல் ஒரே இரைச்சல்.

மண்மதில் என்றால் பராமரிப்பு ஓயாது. மழையில் கரையும், மறுபடி பூச வேண்டும். இன்று நிற்கும் மதில் பல நூற்றாண்டுகளின் ஒட்டுவேலை. பாப் துக்காலா, பாப் அய்லான் போன்ற வாசல்களின் பெயர்களில் பெர்பர் குலங்களின் பெயர்கள் அப்படியே நிற்கின்றன.

மழை குறைவான சமவெளியில் இவ்வளவு பெரிய ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

யாரும் கேட்காவிட்டாலும் நானே இழுத்துவந்து பேசும் கேள்வி இது.

தெற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் அட்லஸ் மலையில் பனி இருக்கிறது. அது உருகி அடிவாரத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த நிலத்தடி நீரை நகரத்துக்குக் கொண்டுவரும் சுரங்க வாய்க்காலுக்கு 'கெத்தாரா' என்று பெயர். மலைப்பக்கம் ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து நகரத்தை நோக்கி மிக மென்மையான சரிவில் மண்ணுக்கடியில் சுரங்கம் போகும். நிலம் இயல்பாகச் சரியும் அளவைவிடச் சுரங்கத்தின் சரிவு குறைவு. அதனால் கிணற்றடியில் கிளம்பிய நீர், நகரத்தை அடையும்போது தரைமட்டத்துக்கே வந்து வெளிப்படும். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம், வெயிலில் ஆவியாகும் இழப்பும் இல்லை. தூர்வாருவதற்காக இடையிடையே செங்குத்துக் குழிகள் விட்டிருப்பார்கள். வானத்திலிருந்து பார்த்தால் அவற்றின் வாயில் குவிந்த மண், வரிசையாக எறும்புப் புற்றுகள் போலத் தெரியும்.

இந்த முறையை மராக்கெஷுக்குக் கொண்டுவந்த பொறியாளராக உபைதுல்லாஹ் இப்னு யூனுஸ் என்பவரின் பெயரை 12ஆம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்-இத்ரீசி குறித்துவைத்திருக்கிறார். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கெத்தாராக்கள் ஊரைச் சுற்றி ஓடின. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்து நீர்மட்டம் இறங்கியதும் பெரும்பாலானவை வறண்டுவிட்டன. ஊருக்கு வெளியே புல்வெளி விரித்த கோல்ஃப் மைதானங்களைப் பார்க்கும்போது எரிச்சல் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

பழைய நகருக்குள் தெருமுனை நீரூற்றுகள் இருக்கின்றன. செதுக்கிய மரக்கூரையுடைய ஒன்றின் பெயர் 'ஷ்ரூப் உ ஷூஃப்'. அதாவது 'குடி, பார்'. தாகம் தீர்ந்த பிறகு தலைநிமிர்ந்து வேலைப்பாட்டையும் பார் என்று அர்த்தம்.

குத்துபிய்யா பள்ளிவாசலுக்குள் போகலாமா?

முஸ்லிம்கள் தொழப் போகலாம். மற்றவர்களுக்கு மொராக்கோவின் பெரும்பாலான பள்ளிவாசல்களைப் போலவே இங்கும் அனுமதி இல்லை. வெளியில் நின்று பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது.

1147இல், மஸ்மூதா குலத்தாரான முவஹ்ஹிதுகள் நகரைப் பிடித்தார்கள். அவர்களின் குரு இப்னு தூமர்த் அட்லஸ் மலைக்காரர். தம் கொள்கையை மலைமக்களுக்கு அவர்களது பெர்பர் மொழியிலேயே போதித்தவர். வந்தவர்கள் முராபித்துகளின் பள்ளிவாசல்களையும் அரண்மனையையும் இடித்தார்கள். தப்பியது சின்னஞ்சிறு குப்பா மண்டபம் ஒன்றுதான். அதன் குவிமாடத்தின் உட்புறத்தை அண்ணாந்து பார்த்தால் இடிந்துபோனவற்றை நினைத்து வருத்தம் வரும். இடித்த இடத்தில் அவர்கள் எழுப்பியதே குத்துபிய்யா. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்த அதன் கோபுரம் 77 மீட்டர். ஸ்பெயினில் செவிய்யா நகரின் ஹிரால்டாவும் ரபாத்தின் ஹஸன் கோபுரமும் இதன் உடன்பிறப்புகள். நான்கு பக்கமும் நான்கு விதமான அலங்காரம். 'குத்துபிய்யீன்' என்றால் புத்தக வியாபாரிகள். பள்ளிவாசலைச் சுற்றி அவர்களின் கடைகள் இருந்தன. புத்தகக் கடைக்காரர்களின் பெயரால் ஒரு நாட்டின் புகழ்பெற்ற கோபுரம் அறியப்படுவதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

இந்த ஊரில்தான் தத்துவ அறிஞர் இப்னு துஃபைல் 1185இலும் இப்னு ருஷ்து 1198இலும் இறந்தார்கள்.

அதன் பிறகு?

வேகமாகச் சொல்லிவிடலாம். 1269இல் மரீனிதுகள் என்னும் அடுத்த வம்சத்தார் வந்து தலைநகரை ஃபெஸ்ஸுக்கு மாற்றினார்கள், மராக்கெஷ் வாடியது. 16ஆம் நூற்றாண்டில் ஸஅதி வம்சம் மீண்டும் தலைநகராக்கியது. அஹ்மத் அல்-மன்ஸூர் 1578இல் அரியணை ஏறி பதீ அரண்மனையைத் தொடங்கினார். 1591இல் சஹாராவைத் தாண்டிப் படை அனுப்பி சோங்காய் அரசை வீழ்த்தினார். நூறாண்டு கழித்து மூலாய் இஸ்மாயில் அந்த அரண்மனையின் பளிங்கையெல்லாம் பெயர்த்து மெக்னெஸுக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது அதன் மதில் மேல் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. 1912இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில் நகரை ஆண்ட பாஷா தாமி அல்-க்லாவியும் அட்லஸ் மலையின் பெர்பர் குலத் தலைவர்தான். 1956இல் விடுதலை. பழைய நகர் 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இப்போது அங்கே என்ன மொழி பேசுகிறார்கள்?

தெருவில் 'தாரிஜா' என்னும் மொராக்கோ அரபி. மலையிலிருந்தும் சூஸ் பகுதியிலிருந்தும் வந்தவர்களிடம் 'தஷெல்ஹிட்' என்னும் அமஸீக் மொழி. பிரெஞ்சும் ஓடும். அமஸீக் மொழி 2011 அரசியலமைப்பில் ஆட்சிமொழியானது. அதற்கு முன்பே, 2003இல், அதன் பழைய எழுத்தான திஃபினாக் பள்ளிப் பாடத்துக்காக ஏற்கப்பட்டது. அரசுக் கட்டடங்களின் பெயர்ப்பலகையில் வட்டமும் சிலுவையும் கோடுமாகத் தெரிவது அதுதான். கையும் காலும் விரித்து நிற்கும் மனிதனைப் போன்ற எழுத்தொன்று சுவர்களில் அடிக்கடி வரும். அது 'அமஸீக்' என்பதில் வரும் 'ஸ' (z) ஒலிக்குரிய எழுத்து, அமஸீக் அடையாளத்தின் சின்னம்.

மொழி ஆர்வலர்களுக்கு ஒரு துணுக்கு. அமஸீக் மொழியில் பல பெண்பாற் சொற்களும் மொழிப்பெயர்களும் முன்னும் பின்னும் 'த' ஒலி சூடியிருக்கும்: அமஸீக், தமஸீக்ட். இந்த வழக்கம் அரபிக்குள்ளும் புகுந்துவிட்டது. 'நஜ்ஜார்' என்றால் அரபியில் தச்சர். தச்சுத்தொழிலை மராக்கெஷ்காரர் 'தநஜ்ஜார்த்' என்பார். சொல் அரபி, சட்டை அமஸீக்.

'அஸூல்' என்றால் வணக்கம், 'தன்மிர்த்' என்றால் நன்றி. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

ஜமா எல்-ஃப்னா சதுக்கம் வெறும் சுற்றுலாக் கூத்துதானே?

பகலில் ஏறக்குறைய அப்படித்தான். பாம்பைக் கழுத்தில் போட்டுவிட்டுக் காசு கேட்பவர்கள், சங்கிலியில் கட்டிய குரங்குகள், கையைப் பிடித்து இழுத்து மருதாணி வைத்துவிடும் பெண்கள். குரங்குகளைப் பார்க்கச் சகிக்கவில்லை, படம் எடுக்காதீர்கள்.

இருட்டிய பிறகு போங்கள். உணவுக் கடைகளின் புகையைக் கடந்து சற்றுத் தள்ளிப் போனால் ஆட்கள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்துக்கு 'ஹல்கா' என்று பெயர். நடுவில் கதை சொல்பவரோ, பாடகரோ, மூலிகை மருத்துவரோ. தஷெல்ஹிட் மொழியில் பாடும் 'ர்வாய்ஸ்' கலைஞர்கள் ஒற்றை நரம்பு ரெபாபை இழைத்துக்கொண்டு கவிதை பாடுவார்கள். சஹாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான க்னாவா இசைக்காரர்கள் இரும்புத் தாளம் அடித்து ஆடுவார்கள். மொழி தெரியாமலே ஒரு கதைசொல்லி முன் அரை மணி நேரம் நின்றேன். உச்சக்கட்டம் வரும்போது நிறுத்திவிட்டார். தட்டு சுற்றியது. காசு போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, மௌனமாகத் தேநீர் குடிக்கத் தொடங்கினார். கூட்டம் முணுமுணுத்து மறுபடி சில்லறை போட்டது. கதை தொடர்ந்தது.

சதுக்கத்தில் பலமாடிக் கட்டடமும் கார் நிறுத்துமிடமும் கட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்தவர்களில் முன்னின்றவர் அங்கேயே வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கோய்திசோலோ. வாய்மொழி மரபையும் பாரம்பரியமாகப் பாதுகாக்க வேண்டும் என்ற யுனெஸ்கோவின் எண்ணம் உருவெடுத்ததற்கு 1997இல் மராக்கெஷில் நடந்த கூட்டமும் ஒரு காரணம். 2001இல் முதல் பட்டியலிலேயே இந்தச் சதுக்கம் இடம்பெற்றது. பட்டியலில் வந்துவிட்டது என்பதற்காகக் கதைசொல்லிகள் பெருகிவிடவில்லை. முதியவர்கள் குறைந்துவருகிறார்கள், ஒலிபெருக்கி அவர்களின் குரலை விழுங்குகிறது.

'ஏழு மகான்கள்' என்பவர்கள் யார்?

நகரத்தின் காவலர்களாகக் கருதப்படும் ஏழு இறைநேசர்கள். 17ஆம் நூற்றாண்டில் மூலாய் இஸ்மாயில் காலத்தில் இந்த ஏழு அடக்கத்தலங்களின் சுற்று முறைப்படுத்தப்பட்டது. வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒருவர். செவ்வாய்க்கிழமை, குகையில் வாழ்ந்த தொழுநோயாளியான சீதி யூசுஃப் இப்னு அலீயிடம் தொடங்கித் திங்களன்று இமாம் சுஹைலியிடம் முடியும். வியாழன் சீதி பெல் அப்பாஸ்; பார்வையற்றோரின் புரவலர். அவரது தலத்தில் பார்வையற்றோர் கூடுவதும் உதவி பெறுவதும் நெடுங்கால வழக்கம்.

வெள்ளிக்கிழமைக்குரிய அல்-ஜஸூலி நமக்குத் தெரிந்தவர் என்றே சொல்லலாம். அவர் சூஸ் பகுதியின் ஜஸூலா என்னும் பெர்பர் குலத்தவர், 15ஆம் நூற்றாண்டினர். நபிகள் மீதான வாழ்த்துகளை அவர் தொகுத்த 'தலாயிலுல் கைராத்' உலகெங்கும் ஓதப்படுகிறது. தமிழ் முஸ்லிம்களிடையேயும் அதை ஓதும் வழக்கம் உண்டு.

தமிழ்நாட்டோடு வேறு தொடர்பு உண்டா?

உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா. மொராக்கோவின் தாஞ்சியரில் 1304இல் பிறந்தவர், லவாத்தா என்னும் பெர்பர் குலம். டெல்லியில் அவர் மணந்த பெண்களில் ஒருவர் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள். 1340களில் கடலில் அல்லாடி நம் கரையில் ஒதுங்கியபோது மதுரையை ஆண்டவர் கியாஸுத்தீன் தம்கானி. இவரும் அஹ்ஸன் ஷாவின் மருமகன் என்பதால் பதூதாவுக்குச் சகலை. அந்தச் சகலையின் கொடுமைகளைத் தயங்காமல் எழுதிவைத்திருக்கிறார். மதுரையில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்த கொள்ளைநோயையும் பதிவுசெய்திருக்கிறார். அதற்கு முன் இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலை எனப்படும் சிவனொளிபாத மலையும் ஏறினார். நாடு திரும்பிச் சில ஆண்டுகளில் மராக்கெஷ் போனார். அழகான ஊர், ஆனால் பெரும்பகுதி பாழடைந்து கிடக்கிறது. பாக்தாதைப் போலிருக்கிறது, ஆனால் பாக்தாதின் கடைவீதிகள் மேல் என்று எழுதினார். மரீனிதுகள் தலைநகரை மாற்றியதன் விளைவை நேரில் கண்ட சாட்சி அது.

கம்பளம் வாங்கலாமா?

வாங்கலாம், அவசரப்படாமல். அட்லஸ் கம்பளங்களை நெய்பவர்கள் மலைக்கிராமப் பெண்கள். ஒரு கம்பளம் கடைக்கு வருவதற்குள் பல கை மாறியிருக்கும்; நெய்தவளுக்குப் போவது சொற்பம். கிராமக் கூட்டுறவு அமைப்புகளிடம் வாங்கினால் அந்தப் பங்கு கொஞ்சம் கூடலாம். ஓரம் கோணலாக, நடுவில் நிறம் மாறி இருந்தால் குறையென்று நினைக்காதீர்கள். நூல் தீர்ந்து வேறு நூல் போட்டிருப்பாள். நான் ஒரு கடையில் மூன்று கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். கடைக்காரர் கோபிக்கவில்லை. தேநீருக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்றார். நான் நம்பவில்லை, ஆனால் மறுநாள் போய் வாங்கினேன்.

கம்பளச் சந்தை நடக்கும் அந்தச் சிறு முற்றம் 1912 வரை அடிமைகள் ஏலம் விடப்பட்ட இடம். அதைச் சொல்லாமல் அங்கே படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சரியில்லை.

யூதர்களின் பகுதி என்று ஒன்று இருக்கிறதாமே?

மெல்லா. 1558இல் அரண்மனைக்கு அருகே ஒதுக்கப்பட்டது. நகைத் தொழிலும் வணிகமும் அவர்கள் கையில் செழித்தன. மலைக்கிராமங்களிலும் தஷெல்ஹிட் பேசிய யூதர்கள் இருந்தார்கள். இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலானோர் வெளியேறிவிட்டார்கள். லஸாமா தொழுகைக்கூடமும், வெள்ளையடித்த கல்லறைகள் நிறைந்த பெரிய இடுகாடும் இருக்கின்றன.

2023 நிலநடுக்கத்தில் நகரம் அழிந்துவிட்டதா?

இல்லை. செப்டம்பர் 8 இரவு, 6.8 அளவில். மையம் தென்மேற்கே அட்லஸ் மலையில். ஏறக்குறைய மூவாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மலைக்கிராமத்து அமஸீக் மக்கள். நகரத்தில் மதிலின் சில பகுதிகள் சரிந்தன, சதுக்கத்தின் ஓரத்துச் சிறு பள்ளிவாசலின் கோபுரம் விழுந்தது, மெல்லாவில் வீடுகள் இடிந்தன. குத்துபிய்யா நின்றது. முவஹ்ஹிதுகள் கிளம்பிவந்த தின்மல் மலைக்கிராமத்தின் 12ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசல் பெரும் சேதமடைந்தது.

திருவிழா எதையாவது பார்க்க முடியுமா?

ஜனவரி நடுவில் அமஸீக் புத்தாண்டான 'யன்னாயர்'. ஜனவரி 14 அரசு விடுமுறை என்று 2023இல் அரசர் அறிவித்தார். 'தகுல்லா' என்னும் தானியக் கஞ்சிக்குள் ஒரு பேரீச்சங்கொட்டையை ஒளித்துவைப்பார்கள். யார் கரண்டியில் வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு யோகம்.

ஆஷூரா இரவில் 'தக்கா மராக்கிஷிய்யா'. தெருவுக்குத் தெரு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து மண்மேளமும் பறையும் தட்டுவார்கள். தூக்கம் வரும் அளவுக்கு மெதுவாகத் தொடங்கும், ஏழு மகான்களை அழைத்துப் பாடும், விடியும் நேரத்தில் மேளம் தீப்பிடித்ததுபோல் இருக்கும். கைவினைஞர்களின் கலை இது. பகலில் தோல் தைப்பவரும் இரும்பு அடிப்பவரும்தான் இரவில் மேளக்காரர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். காய்கறி தஜீன் என்று தருவதில் இறைச்சிக் குழம்பு இருக்கக்கூடும். காலையில் உலர்ந்த மொச்சை வகைப் பயற்றில் செய்யும் 'பிஸாரா' கஞ்சி, சுட்ட கத்தரிக்காய் மசியலான 'ஸாலூக்', அடுக்கடுக்காக மடித்துச் சுடும் 'ம்ஸம்மன்' ஆகியவை நம்பகமானவை. ம்ஸம்மனைக் கிழித்து வாயில் போட்டதும் பரோட்டா நினைவு வராத தமிழர் இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு குஸ்குஸ்.

எப்போது போகலாம்?

மார்ச் முதல் மே, அல்லது அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். காசாபிளாங்காவிலிருந்து ரயில் வசதி உண்டு. பழைய நகருக்குள் 'அந்தத் தெரு அடைத்துவிட்டார்கள், நான் வழி காட்டுகிறேன்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நேரே நடங்கள். தெரு அடைபட்டிருக்காது.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

இறைச்சி சாப்பிடுபவரென்றால் காலையில் முதல் வேலையாகக் கசாப்புக் கடைக்குப் போங்கள். 'தன்ஜிய்யா' வேண்டும் என்று சொன்னால் போதும். இரண்டு கைப்பிடி வைத்த, கழுத்து குறுகிய மண்ஜாடி ஒன்றை எடுப்பார். மாட்டின் முன்கால் சதையைப் பெரிய துண்டுகளாகப் போட்டு, உரித்த பூண்டு, உப்பில் ஊறிய எலுமிச்சை, சீரகம், குங்குமப்பூ, பழுக்க வைத்த நெய், கொஞ்சம் எண்ணெய், ஒரு குவளை தண்ணீர் சேர்த்துக் குலுக்குவார். வாயைக் காகிதத்தால் மூடி நூலால் கட்டி, நூலுக்கு மேல் விரலால் ஒரு தட்டு தட்டுவார். அடுப்பு அவரிடம் கிடையாது. ஜாடியை நீங்கள் தூக்கிக்கொண்டு பொதுக் குளியல் இல்லமான ஹம்மாமின் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு குழிக்குள், மரத்தூளும் சுள்ளியும் போட்டுக் குளியல் நீரைச் சூடாக்கும் தீக்காரர் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஜாடியை வாங்கிச் சூட்டுச்சாம்பலில் புதைப்பார். பல ஜாடிகள் ஏற்கெனவே கழுத்தளவு புதைந்திருக்கும். அடையாளம் கேட்டால் சிரிப்பார், அவருக்குத் தெரியும். அடுப்படியில் நின்று சமைக்க நேரமில்லாத கைவினைஞர்களும் திருமணமாகாதவர்களும் கண்டுபிடித்த சமையல் இது. வீட்டில் பெண்கள் சமைப்பதல்ல.

ஜாடி வேக ஆறு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பென் யூசுஃப் மதரஸாவுக்குப் போங்கள். 1560களில் இன்றைய வடிவில் கட்டியது. முற்றத்தின் ஓடுகளையும் தேவதாருச் செதுக்கலையும் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் மாடி ஏறி மாணவர் அறைகளைப் பாருங்கள். ஏறக்குறைய 130 அறைகள், சிலவற்றில் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் வந்த பையன்கள் அங்கே இருந்து படித்தார்கள். பிறகு சாயக்காரர் தெரு, கொல்லர் தெரு. பிற்பகலில் மதிலோரம். மாலையில் ஜாடியை வாங்கப் போகும்போது தீக்காரருக்குச் சில திர்ஹம் கொடுக்க வேண்டும். துணியொன்று கொண்டுபோங்கள், கைப்பிடி சுடும். ரொட்டியும் மறக்காதீர்கள், கரண்டி தரமாட்டார்கள்.